மரியாதை நான்காவது படியா? மாஸ்லோவின் தேவைப் படிநிலை பற்றி ஒரு கேள்வி

கேள்வி: கதிரும் நூலும்

அனைவருக்கும் வணக்கம். பதினோரு ஆண்டுகளாக நூற்பாலைகளில் மேற்பார்வையாளர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் பயிற்சி வகுப்பு எடுத்து வருகிறேன். நான் உளவியலில் பட்டம் பெற்றவன் அல்லன். பணியாளர் மேலாண்மை படித்த காலத்தில் ஒரு பருவம் கற்றதையும், பிறகு நானாகத் தேடி வாசித்ததையும் வைத்துக்கொண்டுதான் வகுப்பை ஓட்டுகிறேன். ஊக்கம் பற்றிய பகுதி வரும்போது, எல்லாரையும் போல நானும் அமெரிக்க உளவியலாளர் மாஸ்லோவின் முக்கோணத்தைத் திரையில் காட்டுவேன். அடியில் உணவும் உறக்கமும், அதன் மேல் பாதுகாப்பு, அதற்கும் மேல் அன்பும் உறவும், நான்காவதாக மதிப்பு, உச்சியில் தன்னை முழுமையாக்கிக்கொள்ளல், கீழ்ப்படி நிறைவேறிய பிறகே மேல்படி என்ற அந்தப் படத்தை இங்கே பார்க்காதவர் இருக்க மாட்டார்கள்.

கடந்த மாதம் ஓர் ஆலையில் ரிங் ஃப்ரேம் (நூல் நூற்கும் இயந்திரம்) பகுதியில் வேலை செய்யும் பெண்கள் நிர்வாகத்திடம் ஒரு புகார் கொடுத்திருந்தார்கள். தாய் வயதில் இருப்பவர்களைக்கூட ஷிப்ட் மேற்பார்வையாளர்கள் 'வாடி, போடி' என்று விளிக்கிறார்கள் என்பதும், கழிப்பறைக்குப் போய்வரச் சற்று நேரமானால் எல்லார் முன்னிலையிலும் பெயர் சொல்லி அதட்டுகிறார்கள் என்பதும்தான் புகார். வகுப்பில் இதை எடுத்தேன். முன் வரிசையில் இருந்த ஒரு மேற்பார்வையாளர் எழுந்து, "சார், நீங்கள் காட்டிய படத்தின்படியே இவர்கள் இன்னும் முதல் இரண்டு படியில்தான் நிற்கிறார்கள். மரியாதை நான்காவது படி. தீபாவளி போனஸைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் இந்தப் புகார் தானாக அடங்கிவிடும்" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு மறுமொழி வரவில்லை. நல்லவேளையாக அந்த நேரம் பார்த்துத் தேநீர் வந்தது.

அவர் சொன்னது தவறு என்று உள்ளுக்குள் தெரிகிறது. ஆனால் படத்தை வைத்துப் பார்த்தால் அவர் தர்க்கத்தில் ஓட்டை தெரியவில்லை. மாஸ்லோ உண்மையிலேயே இப்படித்தான் சொன்னாரா? சொல்லவில்லை என்றால் இந்தப் படம் எங்கிருந்து வந்தது? சொல்லியிருந்தால், அது சரிதானா? கற்றவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

நல்ல கேள்வி, ஐயா. கல்லூரியில் உளவியல் கற்பிப்பவள் என்ற முறையில், இந்தக் குழப்பத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மூலக் கட்டுரையை வாசிக்காமல் படத்தை மட்டும் கரும்பலகையில் வரைந்துவிட்டு, தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் கேள்வியாக அதை அனுப்பிவைப்பவர்கள் நாங்கள்தாம்.

ஆபிரகாம் மாஸ்லோ 1908 இல் நியூயார்க்கின் புரூக்ளினில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் ஏழு குழந்தைகளில் மூத்தவராகப் பிறந்தவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோவின் வழிகாட்டலில், குரங்குகளிடையே யார் யாரை அடக்கி ஆள்கிறது என்பதை ஆராய்ந்து 1934 இல் முனைவர் பட்டம் பெற்றார். தேவைப் படிநிலை பற்றிய கட்டுரை 1943 இல் 'சைக்கலாஜிக்கல் ரிவ்யூ' இதழில் வெளிவந்தது. அதை விரித்து 1954 இல் நூலாக்கினார். அந்தக் கட்டுரையிலும் முக்கோணம் இல்லை, நூலிலும் இல்லை.

படம் வந்த வழி வேறு. டாட் பிரிட்ஜ்மன், ஸ்டீஃபன் கம்மிங்ஸ், ஜான் பல்லார்ட் ஆகிய மூவர் 2019 இல் வெளியிட்ட ஆய்வின்படி, இன்று நாம் காணும் பிரமிடு வடிவம் 1960 இல் சார்லஸ் மெக்டெர்மிட் என்ற ஆலோசக உளவியலாளர் ஒரு வணிக இதழில் எழுதிய கட்டுரையில்தான் முதன்முதலாக வருகிறது. பணம் மனிதர்களை எப்படி ஊக்குவிக்கிறது என்பதுதான் அந்தக் கட்டுரையின் தலைப்பே. ஆக, உங்கள் முன் வரிசைக்காரர் பிரமிடைத் தவறாகப் பயன்படுத்தவில்லை. அது பிறந்த வீட்டுக்கே அதைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி, மாஸ்லோ எழுதியதற்கு வருகிறேன். ஒரு தேவை நூறு விழுக்காடு நிறைவேறிய பிறகே அடுத்தது தலைதூக்கும் என்ற தவறான எண்ணம் ஏற்பட்டுவிடக் கூடாது என்று அவர் அந்தக் கட்டுரையிலேயே எச்சரிக்கிறார். விளக்குவதற்காக, இவை தாமாக இட்ட எண்கள் என்று வெளிப்படையாகக் கூறிவிட்டு ஒரு கணக்கும் தருகிறார்: சராசரி மனிதர் ஒருவருக்கு உடல்சார் தேவைகள் 85 விழுக்காடும், பாதுகாப்பு 70 விழுக்காடும், அன்பு 50 விழுக்காடும், தன்மதிப்பு 40 விழுக்காடும், தன்னை முழுமையாக்கிக்கொள்ளல் 10 விழுக்காடும் நிறைவேறியிருக்கலாம் என்பது அந்தக் கணக்கு. இதில் எந்த இடத்திலும் மூடிய கதவு இல்லை. ஐந்தும் ஒரே நேரத்தில், வெவ்வேறு அளவில், ஒரே ஆளுக்குள் நடந்துகொண்டிருக்கின்றன. ஒரே செயலுக்குப் பல தேவைகள் ஒருசேரக் காரணமாக இருக்கும் என்பதையும் அவர் சொல்கிறார். சாப்பிடுவதுகூட வயிற்றுக்காக மட்டுமன்றி ஆறுதலுக்காகவும் நடப்பதுண்டு என்பது அவர் காட்டும் எடுத்துக்காட்டு.

உங்கள் வழக்குக்கு இதைவிடப் பயன்படக்கூடிய இரண்டு இடங்கள் அக்கட்டுரையில் உள்ளன. ஒன்று, பாதுகாப்புத் தேவை பற்றிய பகுதி. அங்கே குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது, பெற்றோர் நியாயமின்றியும் பாரபட்சமாகவும் நேரத்துக்கு ஒரு மாதிரியாகவும் நடந்துகொண்டால் குழந்தை அச்சமடைகிறது, பாதுகாப்பை இழந்ததாக உணர்கிறது என்கிறார். இன்றைக்கு எந்த நிமிடத்தில் யார் முன்னால் அதட்டு விழும் என்று தெரியாமல் இயந்திரத்தின் முன் நிற்கும் பெண்ணுக்கு அந்த அதட்டல் நான்காவது படிச் செய்தி அன்று. அது இரண்டாவது படியையே ஆட்டுகிறது. மற்றொன்று, படத்தில் இடமே பெறாத ஒரு பகுதி. பேசும் உரிமை, தன்னைத் தற்காத்துக்கொள்ளும் உரிமை, நீதி, நேர்மை, குழுவுக்குள் ஒழுங்கு ஆகியவை அடிப்படைத் தேவைகள் நிறைவேறுவதற்கான முன்நிபந்தனைகள் என்று அவர் பட்டியலிடுகிறார். அவற்றுக்கு ஊறு நேர்ந்தால், அடிப்படைத் தேவைக்கே ஊறு நேர்ந்ததைப் போல மனிதர் எதிர்வினை காட்டுவர் என்கிறார். பிரமிடு வரைந்தவர்கள் இந்தப் பகுதியை எங்கே வைப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள் போலும்.

இடையே ஒரு சொல்: உச்சித் தேவையை மாணவர்கள் 'தன்னிறைவு' என்று எழுதும்போதெல்லாம் நான் திருத்துவேன். உணவு உற்பத்தியில் நாடு தன்னிறைவு அடைந்தது என்று நாம் சொல்லும் பொருள் அதற்கு இல்லை. கர்ட் கோல்ட்ஸ்டைன் என்ற நரம்பியல் அறிஞரிடமிருந்து மாஸ்லோ எடுத்துக்கொண்ட அந்தக் கருத்து, ஒருவருக்குள் என்னவாக ஆகும் ஆற்றல் இருக்கிறதோ அதுவாக ஆகிவிட வேண்டும் என்ற உந்துதலைக் குறிக்கிறது. போதும் என்ற மனநிலைக்கு அது நேர் எதிரானது.

மறுமொழி: சத்துணவியல்

மேலே எழுதிய அம்மையாரின் விளக்கத்தோடு எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் படிநிலைக் கருத்தை முழுவதும் காற்றில் கரைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று நம் முன்னோர் சொன்னதில் பொய்யில்லை. உணவியல் படித்த எங்களுக்கு இதைக் காட்டும் பாடம் ஒன்று உண்டு.

1944 நவம்பரில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனையைத் தொடங்கினார். போர் முடிந்ததும் ஐரோப்பாவில் பட்டினியால் வாடும் மக்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்பதைக் கண்டறிவதே நோக்கம். முதல் 12 வாரங்கள் நாளொன்றுக்குச் சுமார் 3,200 கலோரி; அடுத்த 24 வாரங்கள் அதில் ஏறக்குறையப் பாதி மட்டும். உருளைக்கிழங்கு, டர்னிப், கருநிற ரொட்டி, மக்கரோனி என்று போரால் நொந்த ஐரோப்பியர் தட்டில் என்ன இருக்குமோ அதுவே இவர்கள் தட்டிலும் இருந்தது. வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும். ஒவ்வொருவரும் உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள்.

எடைக் கணக்கைவிட அவர்கள் மனத்துக்கு நேர்ந்ததுதான் நம் பேச்சுக்கு உரியது. தொடக்கத்தில் அரசியல் விவாதித்தவர்கள், வகுப்புகளுக்குச் சென்றவர்கள், நகைச்சுவை பேசியவர்கள் எல்லாரும் வாரங்கள் செல்லச் செல்ல அடங்கிப்போனார்கள். பெண்கள் மீதிருந்த நாட்டமும் மங்கியது. கையில் சமையல் குறிப்பு நூல்கள் ஏறின. கிடைத்த உணவை நீர் விட்டுப் பெருக்கியும் பிசைந்தும் நெடுநேரம் வைத்திருந்து தின்றார்கள், தட்டை நக்கினார்கள், சூயிங்கத்தைப் பொட்டலம் பொட்டலமாக மென்றார்கள். கனவிலும் உணவுதான். உண்மையான பசி வந்துவிட்டால் மனிதனின் எதிர்காலம் பற்றிய எண்ணமே உணவாகச் சுருங்கிவிடும் என்று மாஸ்லோ ஓராண்டுக்கு முன்பு எழுதிவைத்ததை இந்த 36 பேரும் தங்கள் உடம்பால் எழுதிக்காட்டினார்கள்.

ஆனால் இந்தக் கதைக்கு மறுபக்கம் ஒன்று உள்ளது. அதை வகுப்பில் யாரும் சொல்லித் தருவதில்லை. அந்த 36 பேரும் யார்? போரில் ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மனச்சான்றின் பேரில் மறுத்தவர்கள். அவர்களுள் பலர் குவேக்கர், மென்னோனைட், பிரெத்ரன் போன்ற அமைதிவாதக் கிறித்தவச் சபைகளைச் சேர்ந்தவர்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, தாமாக முன்வந்தார்கள். பிறர் நன்றாக உண்ண நீ பட்டினி கிடப்பாயா என்று கேட்ட துண்டறிக்கையைப் பார்த்து வந்தவர்கள் அவர்கள். படிநிலையின் மேல்பகுதியிலிருந்து கிளம்பிய ஒரு நம்பிக்கைக்காகத்தான் அவர்கள் அடிப்பகுதியைத் தாமே வெட்டிக்கொண்டார்கள். பசி அவர்களுடைய கவனத்தைத் தின்றது. அவர்களுள் பெரும்பாலோரின் முடிவை அதனால் தின்ன முடியவில்லை.

என் கருத்து இதுதான்: மாஸ்லோவின் படிநிலை ஒருவரின் கவனம் நெருக்கடியில் எங்கே போகும் என்பதைச் சொல்கிறது. அந்த மனிதருக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை அது மற்றவருக்குக் கொடுக்கவில்லை. மாஸ்லோவும், அன்றைய சராசரி அமெரிக்கர் 'பசிக்கிறது' என்று சொல்வது உயிர்ப் பசி அன்று, வெறும் உணவு நாட்டம்தான் என்று வேறுபடுத்திக் காட்டுகிறார். உயிர் போகும் பசி அமைதியான சமூகத்தில் அரிது என்கிறார். ஷிப்டுக்கு வரும் பெண்கள் வறுமையில் இருக்கலாம். மின்னசோட்டாவின் 24 ஆவது வாரத்தில் இல்லை.

மறுமொழி: மனிதவளம்20

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இருபது ஆண்டுகளாகத் தொழிற்சாலைகளின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். மேற்பார்வையாளர் பேசியது மோசம்தான். ஆனால் இதன் எதிர்த்திசையில் நடக்கும் மோசடியையும் நான் பார்த்திருக்கிறேன். 'மரியாதைதான் முக்கியம், பணம் எல்லாம் இல்லை' என்று சொல்லி, மாதந்தோறும் ஒருவருக்குச் சான்றிதழும் சால்வையும் கொடுத்துப் படம் எடுத்து மாட்டிவிட்டு, ஊதிய உயர்வுக் கோரிக்கையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்த ஒரு நிர்வாகத்தில் நானும் வேலை பார்த்தேன். சால்வை பெற்ற ஒருவர், "இதை அடகுக் கடையில் வாங்குவார்களா சார்?" என்று என்னிடமே கேட்டார். ஆகவே மாஸ்லோவைத் திருத்தப் போகிறோம் என்ற வேகத்தில் அடிப்படியை மறந்துவிடாதீர்கள். அவ்வளவே.

மறுமொழி: எண்ணும் எழுத்தும்

மனிதவள நண்பர் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ஊதியமா மரியாதையா என்று கேள்வியைப் பிளப்பதே தவறு என்பதற்கு ஒரு வரலாற்று நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டு, ஆய்வுகள் என்ன காட்டின என்பதற்கு வருகிறேன்.

1968 பிப்ரவரி 1 அன்று, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கடும் மழை. குப்பை அள்ளும் கறுப்பினத் தொழிலாளர் இருவர் மழைக்கு ஒதுங்க வேறிடமின்றிக் குப்பை வண்டியின் பின்பக்கத்தில் ஏறி நின்றார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் திடீரென இயங்கத் தொடங்க, இருவரும் உள்ளே இழுக்கப்பட்டு நசுங்கி இறந்தார்கள். பதினொரு நாள் கழித்துச் சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முழுநேரம் உழைத்தும் அரசின் வறியோர் உதவியை நாட வேண்டியிருந்த அளவுக்கு அவர்களுள் பலரது கூலி குறைவு. பிரமிடின்படி பார்த்தால் முதல் இரண்டு படிகளும் சரிந்து கிடந்தவர்கள். அவர்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசையாக நடந்த அட்டையில் கூலித் தொகை எழுதியிருக்கவில்லை; 'நான் ஒரு மனிதன்' என்று எழுதியிருந்தது. வயதில் முதிர்ந்த கறுப்பின ஆண்களையும் 'பையா' என்று விளிக்கும் வழக்கத்துக்கு எதிரான சொற்கள் அவை. ஊதிய உயர்வையும் தொழிற்சங்க அங்கீகாரத்தையும் அவர்கள் விடாமல் கேட்டார்கள். ஆனால் எல்லாக் கோரிக்கைகளையும் அந்தச் சொற்களுக்குள் அடக்கினார்கள். அவர்களுக்கு ஆதரவாக வந்திருந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அந்நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16 அன்று நகராட்சி உடன்பாட்டுக்கு வந்தது. அதே 1968 இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தவர் மாஸ்லோ என்பது காலம் செய்த பொருத்தம்.

'வாடி, போடி' என்று விளிக்க வேண்டாம் என்று கேட்கும் பெண்களும் அந்த அட்டையைத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

ஆய்வுகளைப் பொறுத்தவரை, படிநிலை வரிசைக்குச் சான்று மெலிந்ததே. 1976 இல் வாபாவும் பிரிட்வெல்லும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஐந்து படிகள் தனித்தனியாக இருப்பதற்கும் அவை அந்த வரிசையில்தான் இயங்குகின்றன என்பதற்கும் தெளிவான ஆதரவு இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். 2011 இல் லூயிஸ் டேயும் எட் டீனரும் 123 நாடுகளைச் சேர்ந்த அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் திரட்டிய தரவுகளை ஆராய்ந்தபோது, மாஸ்லோ சொன்ன தேவைகள் பண்பாடு கடந்தும் எங்கும் காணப்படுகின்றன என்பது உறுதிப்பட்டது. ஆனால் கீழ்த் தேவைகள் முழுமையாக நிறைவேறாதவர்களும் உறவு, மதிப்பு போன்றவை நிறைவேறுவதால் நன்மை பெறுகிறார்கள் என்பதும் அதில் தெரிந்தது. எளிதாகச் சொன்னால், தேவைகளின் பட்டியல் தேறியது, வரிசை தேறவில்லை.

கேள்வி கேட்டவருக்கு நேரடியாகப் பயன்படக்கூடிய பெயர் கிளேட்டன் ஆல்டர்ஃபர். 1969 இல் அவர் ஐந்து தேவைகளை உயிர்வாழ்வு, உறவு, வளர்ச்சி என மூன்றாகச் சுருக்கினார். அவர் சேர்த்த முக்கியமான கருத்து, மேலே இருக்கும் தேவை தடைபடும்போது மனிதர் கீழே இருக்கும் தேவையை முன்னிலும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்வார் என்பது. மரியாதை கேட்டுக் கிடைக்காத இடத்தில் போனஸ் கோரிக்கை கூடலாம். அதைப் பார்த்துவிட்டு, 'இவர்களுக்குப் பணம்தான் முக்கியம்' என்று மேற்பார்வையாளர் முடிவு கட்டினால், அவரே உண்டாக்கிய விளைவை அவரே சான்றாகக் காட்டுகிறார் என்று பொருள்.

ஆலை மேலாண்மைக்குத் தம் கருத்தைக் கொண்டுசென்றதில் மாஸ்லோவுக்கே தயக்கம் இருந்தது. 1962 கோடையில் கலிபோர்னியாவின் டெல் மார் நகரில் ஒரு மின்னணுக் கருவித் தொழிற்சாலையில் தங்கியிருந்து எழுதிய குறிப்புகளில், தமது கருத்து மனநலச் சிகிச்சைச் சூழலிலிருந்து வந்தது, தொழிற்சாலைக்கு அது பொருந்தும் என்று முழுதாக நம்புவதற்கு முன் இன்னும் பல ஆய்வுகள் வேண்டும் என்று எழுதினார். அவர் தயங்கிய இடத்தில் மேலாண்மைப் பாடநூல்கள் தயங்கவில்லை.

மறுமொழி: செவிமடுப்பவன்

உளவள ஆலோசகராகப் பணிபுரிகிறேன். எல்லாரும் மாஸ்லோவையே சுற்றிவருவதால் மனிதநேய உளவியலின் இன்னொரு தூணை யாரும் தொடவில்லை. இந்த வழக்குக்கு மாஸ்லோவைவிட உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் நெருக்கமானவர் என்பது என் எண்ணம்.

மனிதனைத் தூண்டலுக்கு எதிர்வினை காட்டும் உயிராக மட்டும் கண்ட நடத்தையியலுக்கும், மனநோயிலிருந்தே மனத்தைப் புரிந்துகொள்ள முயன்ற உளப்பகுப்பாய்வுக்கும் மாற்றாக, 1950களிலும் 60களிலும் எழுந்ததால் இந்த மரபை 'மூன்றாவது விசை' என்று அழைத்தார்கள். அதற்கென ஓர் இதழ் 1961 இல் தொடங்கியது. ரோஜர்ஸ் அதற்கு முன்பே, 1942 இல், தம்மிடம் வருபவரை 'நோயாளி' என்று சொல்வதை விட்டுவிட்டு 'சேவை நாடுபவர்' என்ற பொருள்படும் சொல்லுக்கு மாறியிருந்தார். பார்ப்பதற்கு ஒரு விளிச்சொல் மாற்றம்தான். அந்தச் சொல்லோடு நாற்காலிகளின் உயரமே மாறியது.

ஒருவர் மனத்தளவில் மாறுவதற்கு என்னென்ன சூழல் வேண்டும் என்று 1957 இல் அவர் எழுதிய கட்டுரையில் மூன்று பண்புகள் முதன்மை பெறுகின்றன: ஆலோசகர் உள்ளொன்று புறமொன்று இல்லாதிருத்தல், நிபந்தனையற்ற மதிப்பு, எதிரே இருப்பவரின் நிலையில் நின்று உணர்தல். இரண்டாவதைக் கவனியுங்கள். ரோஜர்ஸிடம் மதிப்பு என்பது ஏறிச்சென்று அடையும் படி அன்று. அது எல்லாவற்றுக்கும் கீழே விரிக்கப்பட வேண்டிய தரை. 'இப்படி நடந்தால்தான் நீ மதிப்புக்குரியவள்' என்று சிறு வயதிலிருந்து போடப்படும் நிபந்தனைகளால்தான் மனிதர் தம் உண்மையான உணர்விலிருந்து விலகிப்போகிறார் என்பது அவர் வாதம். உற்பத்தி இலக்கை எட்டினால் 'வாம்மா', எட்டாவிட்டால் 'வாடி' என்பது அந்த நிபந்தனையின் ஆலை வடிவம்.

தமிழுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். நம் மொழியில் ஒருமை எப்போதும் அவமதிப்பு ஆகாது. சொந்த அக்காவை நான் 'நீ, வா' என்றுதான் சொல்கிறேன்; 'வாருங்கள்' என்றால் என்ன கோபம் என்று கேட்பாள். ஆகவே, எந்தச் சொல் என்பதைவிட, அந்தச் சொல்லை அவர்கள் திருப்பிச் சொல்ல முடியுமா என்று பாருங்கள். என் அக்கா என்னை 'வாடா' என்பாள், நானும் வருவேன். ரிங் ஃப்ரேமில் நிற்கும் பெண் மேற்பார்வையாளரை 'வாடா' என்று அழைத்துவிட்டு மறுநாள் ஷிப்டுக்கு வர முடியுமா என்று உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி கேட்டவரின் பின்குறிப்பு: கதிரும் நூலும்

ஒரே நாளில் இத்தனை மறுமொழிகளை நான் எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், ஏனெனில் இடையில் அதே ஆலையில் அடுத்த வகுப்பு நடந்து முடிந்தது.

முக்கோணப் படத்தை எடுத்துவிட்டேன். ஏட்டுச்சுவடி அம்மா சொன்ன 85, 70, 50, 40, 10 என்ற எண்களைக் கரும்பலகையில் வெறும் எண்களாக எழுதி, அவை மாஸ்லோ விளக்கத்துக்காகத் தாமே இட்டவை என்பதையும் சொல்லி, ஒவ்வொருவரும் தமக்கு என்ன எண் போடுவார் என்று தாளில் எழுதச் சொன்னேன். பெயர் எழுத வேண்டாம் என்றும் சொன்னேன். இருபத்திரண்டு பேர் எழுதினார்கள். மதிப்பு என்ற இடத்தில் பதினான்கு பேர் 40க்கும் குறைவாகப் போட்டிருந்தார்கள். ஒருவர் சுழியம் போட்டு, பக்கத்தில் 'ஜி.எம். ரவுண்ட்ஸ் வரும்போது' (பொது மேலாளர் சுற்றிப்பார்க்க வரும்போது) என்று எழுதியிருந்தார். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அதட்டுகிறவர்களும் மேலிருந்து அதட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது பதினோரு ஆண்டுகளாக என் கண்ணில் படவில்லை.

பிறகு செவிமடுப்பவன் ஐயா கொடுத்த கேள்வியைக் கேட்டேன். முதலில் யாரும் பேசவில்லை. முன்பு போனஸ் பற்றிச் சொன்ன அதே மேற்பார்வையாளர்தான் எழுந்தார். "திடீரென்று 'வாங்க' என்று ஆரம்பித்தால் அவர்கள் சிரிப்பார்களே சார்" என்றார். சிரிக்கட்டுமே என்றேன். அவர் உட்காரவில்லை, கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெயரோடு 'அக்கா' சேர்த்துக்கொள்கிறேன். 'வாங்க' பிறகு பார்க்கலாம்" என்றார்.

கழிப்பறை விவகாரம் இன்னும் தீரவில்லை. அது மேற்பார்வையாளர்கள் கையில் இல்லை. இயந்திரம் நிற்கும் நிமிடங்களைக் கணக்கெடுத்து அவர்கள் பெயரில் எழுதும் முறை ஒன்று இருக்கிறது. அதற்காக நிர்வாகத்திடம் தனியாக நேரம் கேட்டிருக்கிறேன். அந்தக் கூட்டத்துக்கு மாஸ்லோவின் முன்நிபந்தனைகள் பட்டியலை எடுத்துப்போகலாமா, அல்லது மாற்று ஆளைப் போட்டால் உற்பத்தி எவ்வளவு குறையாது என்ற கணக்கை எடுத்துப்போகலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. மனிதவளத்தில் இருக்கும் நண்பர் இதில் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: மனிதவளம்20

கணக்கை மேலே வையுங்கள். பட்டியலை அதன் அடியில் வையுங்கள். எத்தனை மணிக்குக் கூட்டம் என்று சொல்லுங்கள், ஒரு ஷிப்டுக்கு மாற்று ஆள் போடும் மாதிரிக் கணக்கை அதற்குள் அனுப்பிவைக்கிறேன்.